கணுவில் வெண்மயிர் வளையம், விரல்போல ஊதாக் கதிர்: இந்தப் பல்லாண்டுப் புல் எது?

வேலியோரம்

ஒரு புல்லின் சிற்றினப் பெயரை உறுதி செய்ய வேண்டும். டைகாந்தியம் அன்னுலேட்டம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் போத்ரியோக்ளோவா பெர்ட்யூசாவின் விவரிப்பைப் படித்தால் அதுவும் அப்படியே பொருந்துகிறது. படம் போட்டுக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும் என்பதால் அளந்ததை எழுதுகிறேன்.

தூர் கட்டி வளர்கிறது. நடுத்தரத் தூரில் 30 முதல் 40 தண்டு. நடுவில் உள்ளவை நேராக நிற்கின்றன. ஓரத்தில் உள்ளவை அடியில் படுத்து, முழங்கால்போல மடங்கி, பிறகு நிமிர்கின்றன. தரையைத் தொட்ட கணுக்கள் சிலவற்றில் வேர் இறங்கியிருக்கிறது. பூத்த தண்டின் உயரம் 60 முதல் 75 செ.மீ.

கணுக்களைச் சுற்றி வெள்ளை மயிர் வளையம் இருக்கிறது. மயிர் 3 முதல் 4 மி.மீ. நீளம், பக்கவாட்டில் விரிந்து நிற்கிறது. இலை 12 முதல் 20 செ.மீ. நீளம், 3 முதல் 4 மி.மீ. அகலம், மேற்பரப்பில் அடி தடித்த மயிர்கள் ஆங்காங்கே உண்டு. இலையுறையும் இலைத்தாளும் சேரும் இடத்தில் உள்ள இலைநாக்கு மெல்லிய சவ்வு, ஏறத்தாழ 1 மி.மீ. உயரம்.

தண்டின் உச்சியில் 4 முதல் 6 கதிர்க்கிளைகள், ஒவ்வொன்றும் 4 முதல் 6 செ.மீ. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன. இளங்கதிர் ஊதா கலந்த பச்சை. வளைந்து முறுக்கிய மீசைகள் (கதிரிலிருந்து நீளும் முள்போன்ற இழைகள்) வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

கேட்க வேண்டியவை மூன்று. கணுவில் உள்ள மயிர் வளையம் ஒன்றே அன்னுலேட்டம் என்று சொல்லப் போதுமா? போதாதென்றால் இந்த இரண்டையும் பிரிக்கும் உறுப்பு எது, அதை எப்படிப் பார்ப்பது? ஒரே ஒரு பருவத்தில் பார்த்த செடியைப் பல்லாண்டு என்று எதை வைத்து எழுதுவது?


கணுநோக்கி

முதலில் கூட்டத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். விரல்போல விரிந்த கதிரைப் பார்த்ததும் சிற்றினத்துக்குத் தாவுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அருகம்புல்லுக்கும் குளோரிசுக்கும் டிஜிடேரியாவுக்கும் எலூசினுக்கும் கூட விரல் கதிர்தான்.

முற்றிய கதிர்க்கிளை ஒன்றை இரு விரலுக்கு நடுவில் மெதுவாக உருவிப் பாருங்கள். அருகம்புல்லிலும் குளோரிசிலும் எலூசினிலும் தானியப் பகுதி மட்டும் உதிரும்; அதை வெளியே மூடும் செதில்களான குளூம்கள் இரண்டும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அச்சும் உடையாமல் நிற்கும். டிஜிடேரியாவில் சிறுகதிர், அதாவது குளூம்களும் உள்ளிருக்கும் பூவும் சேர்ந்த அலகு, முழுதாக உதிரும், ஆனால் அச்சு அப்படியே இருக்கும், மீசையும் கிடையாது. உங்கள் புல்லில் அச்சே மூட்டு மூட்டாக உடைந்து கையில் வர வேண்டும். அப்படி வந்தால் அது ஆண்ட்ரோபோகனே என்ற கூட்டம். சோளமும் கரும்பும் இதே கூட்டம்தான்.

உடைந்து வந்த ஒரு துண்டைக் கறுப்புத் தாளில் வைத்துப் பாருங்கள். நான்கு பொருள் இருக்கும்: காம்பில்லாத சிறுகதிர் ஒன்று, காம்புள்ள சிறுகதிர் ஒன்று, அந்தக் காம்பு, பக்கத்தில் குச்சிபோல நிற்கும் அச்சுத் துண்டு. காம்பில்லாததுதான் விதை தருவது, மீசையும் அதில்தான். காம்புள்ளது ஆணாகவோ மலடாகவோ இருக்கும், அதில் மீசை இராது. இந்த நான்கையும் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்துவிட்டால் மேலே உள்ள வேலை எளிது. தெரியாமல் போனால், காம்புள்ள சிறுகதிரின் குளூமைப் பார்த்து "குழி இல்லை" என்று எழுதிவிடுவோம். பார்க்க வேண்டியது காம்பில்லாததன் குளூம்.

இனி உங்கள் முதல் கேள்வி. போதாது. அன்னுலேட்டம் என்ற பெயருக்கே வளையமுள்ளது என்று பொருள், அதனால் வளையம் கண்ணில் பட்டதும் பெயர் நாக்கில் வந்துவிடுகிறது. ஆனால் போத்ரியோக்ளோவா பெர்ட்யூசாவுக்கும் கணுவில் மயிர் உண்டு, போத்ரியோக்ளோவா இன்ஸ்கல்ப்டாவுக்கும் உண்டு. மயிரின் நீளமும் அடர்த்தியும் செடிக்குச் செடி, கணுவுக்குக் கணு மாறும். அடிக்கணுக்களில் உரசி உதிர்ந்துவிடும். மேற்கணுக்களில் இலையுறை மூடியிருந்தால் வெளியே தெரியாது. கூடவே, இலையுறையின் அடிவிளிம்பில் உள்ள மயிரைக் கணுவின் மயிர் என்று எண்ணிவிடுவதும் உண்டு. உறையை நகத்தால் விலக்கி, மயிர் எதிலிருந்து முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். இத்தனை கவனமாகப் பார்த்தாலும் வளையம் ஒரு துணைக் குறிப்புதான்.

பிரிப்பவை மூன்று. நான் நம்பும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, காம்பின் நடுவில் ஓடும் கோடு. போத்ரியோக்ளோவாவில் காம்பும் அச்சுத் துண்டும் நடுவில் மெல்லியவை, இரு ஓரமும் தடித்தவை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் நீளவாக்கில் ஒளி கசியும் ஒரு கோடு தெரியும், சில சமயம் ஊதா நிறத்தில். டைகாந்தியத்தில் காம்பு முழுவதும் திண்மையானது, கோடு இராது. பேரினத்தைப் பிரிக்கும் பண்பே இதுதான்.

பார்க்கும் முறை: கதிர்க்கிளையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுங்கள். ஊற வைக்காதீர்கள், ஈரம் ஏறினால் எல்லாக் காம்பும் கொஞ்சம் ஒளி கசியும், இல்லாத கோடு தெரியும். காம்பின் இரு ஓரத்திலும் நீண்ட மயிர்கள் அடர்ந்திருக்கும், அவை நடுப்பகுதியை மறைக்கும். ஊசி முனையால் மயிரை இருபுறமும் ஒதுக்கிவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விடுங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும், 20 மடங்கு இருந்தால் ஐயமே இராது. மிக இளங்கதிரில் காம்பு இன்னும் திசு தடிக்காமல் இருக்கும், அதில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மீசை முழுதாக வெளியே வந்த கதிரே சரியானது.

இரண்டாவது, கதிர்க்கிளையின் அடியில் உள்ள சோடிகள். டைகாந்தியத்தில் அடிச்சோடி ஒன்றிரண்டு, சில சமயம் ஆறு வரைகூட, இரண்டு சிறுகதிரும் ஒரே மாதிரியானவை: ஆணாகவோ மலடாகவோ, மீசையில்லாமல். மேலே போகப் போகத்தான் மீசையுள்ள சோடிகள் வரும். போத்ரியோக்ளோவாவில் அடியிலிருந்தே மீசை உண்டு. வெறுங்கண்ணுக்கே ஓரளவு தெரியும் பண்பு இது. கதிர்க்கிளையின் அடி மொட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இதில் இரண்டு சிக்கல். அன்னுலேட்டத்தில் இந்தச் சோடிகள் சில கிளைகளில் ஒன்றுகூட இல்லாமலும் போகும், ஆகவே இல்லாததை வைத்து எதையும் மறுக்க முடியாது. முற்றிய கதிரில் மீசை உடைந்து விழுந்திருந்தால் இல்லாத மொட்டை அடி இருப்பதாகத் தோன்றும், ஆகவே உடைந்த முனை இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, குழி. பெர்ட்யூசா என்றால் துளையிடப்பட்டது. போத்ரியோக்ளோவா என்ற பேரினப் பெயரிலேயே குழி, புல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. காம்பில்லாத சிறுகதிரின் கீழ்க்குளூம் அச்சுக்கு எதிர்ப்புறமாக வெளியே பார்த்திருக்கும். அதன் முதுகில், நடுவுக்குச் சற்று மேலே, குண்டூசியால் குத்தியதுபோல வட்டமான ஒரு குழி இருந்தால் பெர்ட்யூசா பக்கம் சாயலாம். ஒன்றுமுதல் மூன்று குழிகள் இருந்து, காம்புள்ள சிறுகதிரிலும் குழி இருந்தால் இன்ஸ்கல்ப்டாவை நினைக்க வேண்டும். குழியை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு: பெர்ட்யூசாவிலேயே சில சிறுகதிர்களில் குழி இராது, போத்ரியோக்ளோவா பிளாடியியில் இருந்தாலும் இருக்கும் இல்லாமலும் இருக்கும்.

இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். ஒரே கதிரில் பார்க்காமல் குறைந்தது மூன்று தூரிலிருந்து கதிர் எடுங்கள்.


உமிக்கூடு

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். பலரும் தூரின் பருமனைப் பார்த்துப் பல்லாண்டு என்று எழுதிவிடுகிறார்கள். பருமன் சான்று ஆகாது. படுத்த தண்டின் கணுக்களில் வேர்விடும் ஓராண்டுப் புல்லும் அகலமான தூர்போலவே தெரியும்.

இழுத்துப் பிடுங்காதீர்கள், சான்று அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடும். தூரைச் சுற்றி 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, மண் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். பிறகு தூரைக் கையால் பிளந்து அடியைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இவை. போன பருவத்துத் தண்டின் கட்டைகள்: சாம்பல் நிறம், உள்ளே வெறுமை, அடியில் நார்நாராகக் கிழிந்த பழைய இலையுறைகள். பூக்காமல் இலை மட்டும் தள்ளியிருக்கும் இளந்தளிர்கள்: பூத்த தண்டுகளோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கெட்டியான முடிச்சுபோன்ற அடிப்பகுதி, அதில் அடுத்து முளைக்கக் காத்திருக்கும் மொட்டுகள், சில செடிகளில் குட்டையான மட்டநிலத்தண்டு. ஓராண்டுப் புல்லில் தண்டுகள் எல்லாமே பூக்க முற்பட்டிருக்கும், வேர் மெலிந்து எளிதாகக் கழன்றுவரும், பழைய கட்டை இராது.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். முளைத்த முதல் ஆண்டில் பல்லாண்டுப் புல்லுக்கும் பழைய கட்டை இருக்காது. பக்கத்தில் உள்ள பெரிய தூர் ஒன்றையும் தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்தது, வெட்டுண்ட அல்லது மேயப்பட்ட தண்டின் மிச்சம் பழைய கட்டைபோலவே தெரியும். வெட்டுண்டதில் முனை ஒரே மட்டமாக இருக்கும், உறை இன்னும் பச்சையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். பழையதில் முனை சிதைந்து, தொட்டால் நொறுங்கும். வெட்டுண்ட தூரில் இன்னொரு தொல்லையும் உண்டு: மறுபடி தழைத்து வரும் கதிர் குட்டையாக, இரண்டே கிளையோடு வரும். அந்தக் கதிரின் கிளை எண்ணிக்கையைக் குறிப்பில் சேர்க்கவே கூடாது.

இலைநாக்கைப் பற்றியும் ஒரு சொல். சவ்வு என்று சரியாகக் குறித்திருக்கிறீர்கள். அருகம்புல்லில் அந்த இடம் மயிர் வரிசையாகத் தெரியும், ஆகவே அதை விலக்க இது உதவும். டைகாந்தியத்துக்கும் போத்ரியோக்ளோவாவுக்கும் நடுவில் அது உதவாது. இலையைக் கசக்கி மணம் பார்த்தீர்களா? போத்ரியோக்ளோவாவின் சில சிற்றினங்களில், குறிப்பாக பிளாடியியில், மணம் வரும். மணம் இல்லாததற்கு எடை கிடையாது, இருந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.


வேலியோரம்

மூன்று தூர், தூருக்கு இரண்டு கதிர், ஆக ஆறு கதிர் பார்த்தேன்.

அச்சு மூட்டு மூட்டாக உடைகிறது. நான்கு பொருளும் தெளிவாகத் தெரிந்தன. காம்பில் ஒளி கசியும் கோடு எந்தக் கதிரிலும் இல்லை (20 மடங்கு லென்ஸ், காய்ந்த நிலை, பின்னாலிருந்து டார்ச்). கதிர்க்கிளையின் அடியில் இரண்டு சோடிகள் மீசையில்லாமல் இருக்கின்றன. ஒரு கதிரில் மட்டும் ஒரே சோடி. உடைந்த முனை இல்லை.

குழிதான் குழப்புகிறது. காம்பில்லாத சிறுகதிர் 40 பார்த்ததில் 37இல் கீழ்க்குளூம் சமமாக இருந்தது. மூன்றில் பள்ளம்போல ஒன்று தெரிகிறது. மூன்றும் ஒரே கதிரில்.

மீசை 16 முதல் 19 மி.மீ. கதிர்க்கிளைகளுக்குக் கீழே உள்ள தண்டுப்பகுதி வழவழப்பாக இருக்கிறது, மயிரில்லை. கீழ்க்குளூமின் முனை மழுங்கல். இலையில் மணமில்லை. தூரின் அடியில் சாம்பல் நிறக் கட்டைகளும் பூக்காத தளிர்களும் இரண்டுமே உள்ளன.


கணுநோக்கி

கோடு இல்லை, அடிச்சோடிகளில் மீசை இல்லை. பேரினம் டைகாந்தியம். இந்த இரண்டும் ஒத்துப்போனால் நான் வேறு பக்கம் பார்ப்பதில்லை. பல்லாண்டு என்பதும் உங்கள் தோண்டலில் தீர்ந்துவிட்டது.

அந்த மூன்று பள்ளங்களை விட்டுவிட வேண்டாம், சோதித்துவிடுங்கள். காய்ந்த குளூம் சுருங்கும்போது உள்ளே தானியம் திரளாத இடத்தில் அமுங்கும். அது குழியல்ல. வேறுபாடு இப்படி: உண்மையான குழி வட்டமானது, விளிம்பு கூர்மையானது, எல்லாச் சிறுகதிரிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்கும், குளூமைக் கழற்றிப் புரட்டினால் உட்புறத்தில் அதற்கு நேராகச் சின்னப் புடைப்பு தெரியும். சுருக்கத்தால் வந்த பள்ளம் நீளவாக்கில் இருக்கும், விளிம்பு தெளிவாக இராது, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும்.

உறுதியாகத் தெரிய அந்த மூன்றையும் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, திரவச் சோப்பு ஒரு சொட்டு விட்டு, 10 நிமிடம் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் மயிருக்கு நடுவே காற்றுக்குமிழி தங்கி, சிறுகதிர் மிதந்துகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. குளூம் மெத்தென்று ஆனதும் எடுத்துப் பாருங்கள். சுருக்கப் பள்ளம் உப்பி மறையும். குழி மறையாது.

ஒரே கதிரில் மூன்றும் இருப்பதால் இன்னொன்றும் பாருங்கள். கரிப்பூட்டை என்ற பூஞ்சைநோய் தாக்கிய கதிரில் சிறுகதிர்கள் உருமாறும். உள்ளே கறுத்த பொடி இருந்தால் அந்தக் கதிரை முழுதாக ஒதுக்கிவிடுங்கள்.

இனி டைகாந்தியத்துக்குள். குழப்பத்துக்கு இடமுள்ளவை இரண்டு. டைகாந்தியம் அரிஸ்டேட்டத்தில் கதிர்க்கிளைகளுக்குச் சற்றுக் கீழே உள்ள தண்டுப்பகுதி மயிரடர்ந்திருக்கும். உங்களுடையது வழவழப்பு, ஆகவே அது இல்லை. எல்லாரும் கணுவின் மயிரைப் பார்ப்பார்கள், இந்த மயிரைப் பார்க்க மறப்பார்கள். நீங்கள் கேட்காமலே குறித்தது நல்ல வேலை. டைகாந்தியம் கேரிகோசத்தில் கீழ்க்குளூம் தலைகீழ் முட்டை வடிவில் அகன்றிருக்கும், சிறுகதிர்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படிந்திருக்கும். அன்னுலேட்டத்தில் கீழ்க்குளூம் நீள்சதுர வடிவம், மேல்பக்கம் சற்றே அகலலாம், முனை மழுங்கல். உங்கள் குறிப்பில் முனை இருக்கிறது, வடிவம் இல்லை. ஒரு குளூமைக் கழற்றி, சமமாக விரித்து, மிக அகன்ற இடம் நடுவிலா மேலே மூன்றில் ஒரு பங்கிலா என்று அளந்துவிடுங்கள். நடுவில் என்றால் டைகாந்தியம் அன்னுலேட்டம் என்று எழுதலாம்.

மீசையை அளந்தது காய்ந்த நிலையில்தானே? ஈரத்தில் முறுக்கு அவிழ்ந்து, வளைவும் நேராகிவிடும், பிறகு நீளத்தை இன்னொருவர் அளவோடு ஒப்பிட முடியாது. இவ்வகைப் புல்லில் மேல் லெம்மா (குளூமுக்கு உள்ளே பூவை மூடும் செதில்) என்று தனியே ஒன்று தெரியாது. அது குறுகி மீசையின் அடிக்காம்பாகவே மாறியிருக்கும். ஆகவே அந்த அடியிலிருந்தே அளக்க வேண்டும், குளூமின் முனையிலிருந்து அல்ல. அங்கிருந்து அளந்தால் 3 மி.மீ. வரை குறைந்துவிடும்.


தாள்மடிப்பு

முடிவு சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் இந்தக் கூட்டத்தில் எல்லாச் செடியும் இப்படி ஒழுங்காக அமையாது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

டைகாந்தியம், போத்ரியோக்ளோவா, கேப்பிலிப்பீடியம் மூன்றுக்கும் நடுவில் கலப்பு நடக்கிறது. இவற்றில் பலவும் கருவுறாமலே விதை தருபவை, ஆகவே ஒரு கலப்பு உண்டாகிவிட்டால் அது தாய்ச்செடியின் அச்சாகவே விதைமூலம் பரவும். இந்தப் புற்களை ஆராய்ந்த ஹார்லனும் டி வெட்டும் 1963இல் போத்ரியோக்ளோவா இன்டர்மீடியாவை, அதாவது இன்று பிளாடியி என்று அழைப்பதை, பக்கத்துச் சிற்றினங்களின் பண்புகளை வாரிச் சேர்த்துக்கொள்ளும் சிற்றினத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். குரோமோசோம் அடிப்படை எண் 10. அன்னுலேட்டத்திலேயே 20, 40, 60 என்று மூன்று நிலையும் உண்டு. ஒரே பெயருக்குள் செடியின் உயரமும் மயிரும் கிளை எண்ணிக்கையும் இவ்வளவு மாறுவதில் வியப்பில்லை.

களத்தில் இதற்கு என்ன பொருள்? கோடு தெளிவில்லாமல், சில துண்டுகளில் மட்டும் தெரிந்து, குழியும் சிலவற்றில் மட்டும் இருந்தால், ஏதாவது ஒரு பெயரை வலிந்து ஒட்டாதீர்கள். தூருக்கு 20 சிறுகதிர் வீதம் ஐந்து தூரில் எண்ணி, எத்தனையில் கோடு, எத்தனையில் குழி என்று எண்ணிக்கையை எழுதி வையுங்கள். எண்ணிக்கை எழுதியிருந்தால் பிறகு பார்ப்பவர் வேறு முடிவுக்கு வரலாம். பெயரை மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு வழியே இல்லை. இங்கே கேட்டவருக்கு ஆறு கதிரிலும் ஒரே விடை வந்திருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

கேப்பிலிப்பீடியத்தையும் ஒரு வரியில் விலக்கிவிடலாம். அதிலும் காம்பில் கோடு உண்டு. ஆனால் கதிர் விரல்போல இராது, மெல்லிய கிளைகளாகப் பிரிந்து விரிந்திருக்கும், ஒவ்வொரு முனையிலும் சில சோடிகளே இருக்கும். பிளாடியியை அச்சின் நீளத்தால் விலக்கலாம்: கதிர்க்கிளைகளைத் தாங்கும் நடு அச்சு அதில் கீழ்க்கிளையைவிட நீளம். பெர்ட்யூசாவில் நடு அச்சு மிக நீண்ட கிளையைவிடக் குட்டை. "ஒரே இடத்திலிருந்து" என்று எழுதுவதைவிட நடு அச்சு இத்தனை மி.மீ., நீண்ட கிளை இத்தனை மி.மீ. என்று எழுதுவது நல்லது.

பழைய நூல்களில் தேடுபவர்களுக்கு: இந்தப் புல்லை 1775இல் வெளியான ஃபோர்ஸ்கோலின் நூல் ஆண்ட்ரோபோகன் அன்னுலேட்டஸ் என்று விவரித்தது, பின்னால் தாவரவியலாளர் ஸ்டாஃப் அதை டைகாந்தியத்துக்கு மாற்றினார். பெர்ட்யூசாவை லின்னேயஸ் 1771இல் ஹோல்கஸ் பெர்ட்யூசஸ் என்றார். ஆண்ட்ரோபோகன் பெர்ட்யூசஸ் என்றும் பல இடங்களில் காணலாம். பழைய மாவட்டத் தாவர நூலில் டைகாந்தியம் என்று தேடிக் கிடைக்காவிட்டால் ஆண்ட்ரோபோகன் பக்கத்தைப் புரட்டுங்கள்.

மாதிரி எடுத்து வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெயரைவிட அதுதான் நிலைக்கும். அடிக்கட்டையும் வேரும் சேர்ந்த முழுத்தண்டாக எடுங்கள். கதிரை மட்டும் கொய்து வைத்தால் பல்லாண்டு என்பதற்குச் சான்று போய்விடும். 75 செ.மீ. தண்டு 42க்கு 28 செ.மீ. தாளில் நேராக அடங்காது. V வடிவிலோ N வடிவிலோ மடியுங்கள். மடிப்பு கணுவில் விழக் கூடாது, கணுவிடையில் விழ வேண்டும். கணுவில் மடித்தால் மயிர் வளையம் நசுங்கி, இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் போகும். மடித்த இடம் திமிறி நிமிரும். கீறிய அட்டைத்துண்டை மாட்டிவிட்டால் நிற்கும். நாளிதழ்த் தாளை முதல் நான்கு நாள் தினமும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்துக் குளூம்கள் கறுத்துவிடும்.

முற்றிய கதிர் தாளிலேயே உதிரும். அதைத் தடுக்க முடியாது, அதனால் மீசை அப்போதுதான் வெளியே வந்த கதிர் ஒன்றையும் முற்றியது ஒன்றையும் சேர்த்தே வையுங்கள். உதிர்ந்த துண்டுகளைக் காகித உறையில் இட்டு அதே தாளில் ஒட்டுங்கள். குறிப்புச் சீட்டில் இடம், நாள் தவிர உலர்ந்தபின் தெரியாமல் போவதை எல்லாம் எழுத வேண்டும்: கதிரின் பசுமையான நிறம், தண்டு படுத்ததா நின்றதா, கணுவில் வேர்விட்டதா, இலைக்கு மணம் உண்டா, மண் களியா மணலா, நிழலா வெயிலா. நிழலில் வளர்ந்த செடியில் தண்டு நீண்டு, கிளைகள் குறைந்து, ஊதா நிறமே ஏறாமல் இருக்கும். அதை எழுதாவிட்டால் பின்னால் பார்ப்பவர் வேறு சிற்றினம் என்று நினைப்பார்.


வேலியோரம்

பள்ளம் தெரிந்த மூன்று சிறுகதிரையும் சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் குளூம் உப்பிவிட்டது. உட்புறத்தில் புடைப்பு இல்லை. ஒன்றில் தானியமே திரளவில்லை. கறுத்த பொடி எதிலும் இல்லை.

கீழ்க்குளூம் ஐந்தைக் கழற்றி விரித்து அளந்தேன். நீளம் 3.5 முதல் 4 மி.மீ. ஐந்திலும் மிக அகன்ற இடம் நடுவில்தான், ஓரங்கள் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. நடு அச்சு 8 மி.மீ., நீண்ட கிளை 58 மி.மீ. மீசையைக் குளூமின் முனையிலிருந்து அளந்திருக்கிறேன். அடியிலிருந்து மறுபடி அளந்ததில் 18 முதல் 22 மி.மீ. வருகிறது.

சீட்டில் டைகாந்தியம் அன்னுலேட்டம் என்று எழுதி, கோடு 0/40, குழி 0/40 என்று அதன் கீழேயே குறித்திருக்கிறேன். முதல் தண்டைக் கணுவிலேயே மடித்திருந்தேன். அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாயிற்று.


தாள்மடிப்பு

மடித்ததை எறிந்துவிடாதீர்கள். அதன் அடிக்கட்டையை வெட்டி இதே தாளில் பக்கத்தில் ஒட்டுங்கள், இன்னொரு தூரின் சான்றாக இருக்கும். எந்தத் தூர் என்று எண் மட்டும் போட்டுவிடுங்கள். ஊறவைத்த சிறுகதிர்களை நன்றாக உலர்த்திய பிறகே உறைக்குள் போடுங்கள், "ஊறவைத்துப் பார்த்தவை" என்று உறைமேல் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் நேராகிப்போன மீசையைப் பார்த்து யாராவது வளைவில்லாத மீசை என்று எழுதிவிடுவார்கள்.